வேலைக்குச் செல்லும் தாயின் விசுவாச வாழ்வு: கடலூர்ச் சகோதரிக்கு ஒரு பதில்

கடலூரிலிருந்து ஒரு சகோதரி கேட்டிருப்பதை முதலில் சுருக்கமாகச் சொல்லிவிடுகிறேன். அவர் திருப்பாதிரிப்புலியூரில் குடியிருந்து, புதுச்சேரியில் ஒரு தனியார் நிறுவனத்தின் கணக்குப் பிரிவில் பணிபுரிகிறார். ஏழு வயதில் மகளும் மூன்று வயதில் மகனும் இருக்கிறார்கள். காலை ஏழரை மணிக்குப் பேருந்து ஏறினால் வீடு திரும்ப இரவு ஏழரை ஆகிறது. வீட்டில் குடும்ப செபமாலை நின்றுபோய்விட்டது. அக்கம்பக்கத்துக் கத்தோலிக்கக் குடும்பங்கள் சேர்ந்து செபிக்கும் அன்பியக் கூட்டத்துக்குப் போய் ஆறு மாதமாகிறது. மாதத்தில் ஒரு ஞாயிறு அலுவலகம் வரச் சொல்கிறார்கள். "தாய் வீட்டில் இல்லாவிட்டால் பிள்ளைகளுக்குப் பக்தி எப்படி வரும்" என்று மாமியார் வருந்துகிறார். செபக்குழுவில் ஒருவர் புதிய ஏற்பாட்டில் தீத்துவுக்கு எழுதப்பட்ட திருமுகத்தை (கடிதத்தை) காட்டி, கிறிஸ்தவப் பெண் வீட்டில் இருப்பதே இறைவனின் விருப்பம் என்று சொல்லியிருக்கிறார். வேலையை விட முடியாத நிலையில் ஒரு கிறிஸ்தவத் தாயாக எப்படி வாழ்வது என்பது அவருடைய கேள்வி. நேரத்தை எப்படிப் பங்கிடுவது என்று கேட்பதைப் போல அது தோன்றினாலும், இரண்டு மூன்று முறை படித்த பிறகு அதற்குள் வேறொரு கேள்வி இருப்பது எனக்குத் தெரிகிறது. "கடவுளுக்கு முன்னால் நான் எப்போதும் பாக்கி வைத்திருப்பவளா?" என்பதே அவரை உறங்கவிடாமல் வைத்திருக்கிறது. ஆகவே அதற்கே முதலில் பதில் சொல்ல முயல்கிறேன்.

நான் அரசு மருத்துவமனையில் 31 ஆண்டுகள் செவிலியராக இருந்து ஓய்வு பெற்றவள். எங்கள் பங்கில், அதாவது எங்கள் கோவில் சமூகத்தில், 24 ஆண்டுகளாக ஞாயிறு மறைக்கல்வி வகுப்பு எடுக்கிறேன். திருமணத் தயாரிப்பு வகுப்புகளிலும் சில ஆண்டுகள் பேசியிருக்கிறேன். இறையியல் பட்டம் பெற்றவள் அல்ல. வகுப்புக்காகப் படித்ததும், மூன்று பிள்ளைகளை வளர்த்துக்கொண்டு இரவுப் பணி பார்த்ததுமே என் தகுதி. கத்தோலிக்கப் பெண்ணாக எழுதுகிறேன். உங்கள் கடலூரிலேயே லுத்தரன் சபையினரும் தென்னிந்தியத் திருச்சபையினரும் நிறைய இருக்கிறார்கள். ஞாயிறு கடமை பற்றி நான் சொல்லப்போவது அவர்களுக்கு அப்படியே பொருந்தாது, மற்றவை பெரும்பாலும் பொருந்தும்.

அந்தத் தீத்து வசனத்திலிருந்து தொடங்குகிறேன், ஏனென்றால் உங்கள் நெஞ்சில் முள்ளாகக் கிடப்பது அதுதான். பழைய மொழிபெயர்ப்பில் இரண்டாம் அதிகாரம் ஐந்தாம் வசனம் இளம் பெண்களை "வீட்டில் தரித்திருக்கிறவர்களும்" என்கிறது. கிரேக்கக் கையெழுத்துப்படிகளில் இந்த இடத்தில் ஒரே ஓர் எழுத்து வேறுபாடு உண்டு. மிகப் பழைய படிகளில் வீட்டுப் பணியைச் செய்பவர் என்று பொருள்படும் சொல்லும், பிற்காலத்துப் படிகள் பலவற்றில் வீட்டைக் காத்திருப்பவர் என்று பொருள்படும் சொல்லும் இருக்கின்றன. எது மூலச்சொல் என்பதை நம்மைப் போன்றவர்கள் தீர்மானிக்க வேண்டியதில்லை. இரண்டில் எதை எடுத்துக்கொண்டாலும், அந்தப் பகுதி பேசுவது குடும்பப் பொறுப்பைத் தட்டிக்கழிக்காமல் இருப்பதைப் பற்றித்தான். கூலிக்கு வேலை பார்க்கும் பெண் பாவம் செய்கிறாள் என்று அதில் ஒரு சொல்லும் இல்லை. பிள்ளைகளின் பள்ளிக் கட்டணத்துக்காகவும் வீட்டுக் கடனுக்காகவும் தினமும் இரண்டு பேருந்துப் பயணம் செய்கிற ஒருத்தி குடும்பத்தைக் கைவிட்டவள் ஆகமாட்டாள். இதை நான் உறுதியாகவே சொல்கிறேன்.

அதே விவிலியத்தில் நீதிமொழிகள் நூலின் கடைசி அதிகாரத்தைத் திறந்து பாருங்கள். திருமண மேடைகளில் மணப்பெண்ணுக்கு வாசித்துக்காட்டும் பகுதி அது. அந்தப் பெண் நிலத்தைப் பார்த்து விலைக்கு வாங்குகிறாள். தன் சம்பாத்தியத்தில் திராட்சைத் தோட்டம் போடுகிறாள். துணி நெய்து வணிகரிடம் விற்கிறாள். "குணசாலி" என்று பழைய தமிழில் வந்திருக்கும் இடத்தில் எபிரேயத்தில் உள்ள சொல் வலிமையைக் குறிப்பது. போர்வீரர்களைச் சொல்லும்போதும் அதே சொல்லைத்தான் ஆளுகிறார்கள். விவிலியத்தில் இந்தப் புகழ்ச்சொல்லை நேரடியாகப் பெறும் பெண் ரூத்து. அவள் கைம்பெண்; வேற்று நாட்டுக்காரி; மாமியாருக்குச் சோறு போடுவதற்காகப் பிறர் வயலில் கதிர் பொறுக்கப் போனவள். இன்னொன்றையும் கவனியுங்கள். நீதிமொழிகளின் அந்தப் பாட்டில் 22 வசனங்கள் இருக்கின்றன; எபிரேய நெடுங்கணக்கின் 22 எழுத்துகளில் வரிசையாக ஒவ்வொரு வசனமும் தொடங்குகிறது. ஆகவே அதை ஓர் உண்மைப் பெண்ணின் ஒருநாள் வேலைப்பட்டியலாகப் படிப்பது பிழை என்பது என் கருத்து. அகர வரிசையில் கட்டிய புகழ்மாலை அது. விடியும் முன்பே எழுகிறாள், இரவிலும் அவள் விளக்கு அணையவில்லை என்ற இரண்டு வரிகளையும் ஒன்றாகச் சேர்த்து, தூங்காதவளே நல்ல தாய் என்று முடிவுகட்டிய பெண்களை நான் பார்த்திருக்கிறேன். மருத்துவமனையில் அவர்களைப் படுக்கையிலும் பார்த்திருக்கிறேன்.

புதிய ஏற்பாட்டில் பிலிப்பி நகரத்து லீதியா செந்நிற ஆடை விற்றவர். அவர் வீட்டார் அனைவரும் அவரோடு திருமுழுக்குப் பெற்றார்கள், திருத்தூதர் பவுல் அவர் வீட்டில்தான் தங்கினார். பிரிஸ்கில்லா தம் கணவர் அக்கிலாவோடு கூடாரம் செய்யும் தொழில் பார்த்தார். இயேசுவை வீட்டில் வரவேற்று, பணிவிடையில் பரபரப்பாக இருந்த மார்த்தாவை மட்டும் நாம் இன்னும் சரியாகப் படிக்கவில்லை என்று எனக்குத் தோன்றுவதுண்டு. ஆண்டவர் அவரிடம் சமைக்க வேண்டாம் என்று சொல்லவில்லை. பலவற்றைப் பற்றிக் கவலைப்பட்டுக் கலங்குகிறாய் என்றார். யோவான் நற்செய்தியின் 12ஆம் அதிகாரத்தில் பெத்தானியாவில் நடக்கும் விருந்தில் மார்த்தா மறுபடியும் பரிமாறிக்கொண்டிருக்கிறார், அங்கே அவரை யாரும் கடிந்துகொள்ளவில்லை. அதற்கு முந்தின அதிகாரத்தில், நீர் மெசியா, இறைமகன் என்று தெளிவாக அறிக்கையிட்டவரும் அதே மார்த்தாதான்.

இனி ஞாயிறு. கத்தோலிக்கருக்கு இதில் விதி தெளிவாகவே இருக்கிறது. 1983ஆம் ஆண்டின் திருச்சபைச் சட்டத் தொகுப்பில் 1247, 1248 ஆகிய இரு எண்களும் இதைச் சொல்கின்றன. ஞாயிறு திருப்பலியில், அதாவது பூசையில், பங்குகொள்வது கடமை. முந்தின நாள் மாலைத் திருப்பலியில் பங்குகொண்டாலும் அந்தக் கடமை நிறைவேறும். கடுமையான காரணத்தால் இரண்டுமே இயலாமற்போனால், இறைவார்த்தை வழிபாட்டிலோ, தனியாகவோ குடும்பமாகவோ செபத்திலோ நேரம் செலவிடும்படி திருச்சபை வலியுறுத்திக் கேட்டுக்கொள்கிறது. கைக்குழந்தையைப் பேணுவது போன்ற காரணங்கள் இருந்தால் கடமையிலிருந்து விலக்கு உண்டு என்று கத்தோலிக்கத் திருச்சபையின் மறைக்கல்வி நூலில் 2181ஆம் எண் வெளிப்படையாகவே கூறுகிறது. எனவே அலுவலகம் அழைக்கும் அந்த ஒரு வாரத்தில், உங்கள் பங்கிலோ பக்கத்துப் பங்கிலோ சனிக்கிழமை மாலைத் திருப்பலி உண்டா என்று பாருங்கள். உங்கள் நிலைமையைப் பங்குத்தந்தையிடம் நேரில் சொல்லிவிடுங்கள். பெண்கள் பலர் இதைக் கேட்காமலேயே பாவம் செய்துவிட்டதாக நினைத்துக்கொண்டு, நற்கருணை வாங்காமல் மாதக்கணக்கில் பின்வரிசையில் உட்கார்ந்திருக்கிறார்கள். எனக்கும் அப்படி நடந்ததுண்டு. தொடர்ந்து மூன்று ஞாயிறு காலைப் பணி விழுந்த ஒரு மாதத்தில், நான்காம் வாரம் ஒப்புரவு அருட்சாதனத்தில் (பாவசங்கீர்த்தனத்தில்) குருவானவரிடம் அழுதபடி சொன்னேன். "நோயாளியை விட்டுவிட்டா வரமுடியும், மாலையில் வேறு கோவிலில் பூசை இருந்ததா என்று மட்டும் யோசித்துப் பாருங்கள்" என்றார் குருவானவர். அவர் கேட்டது நியாயமான கேள்வி. அன்று மாலை புதுச்சேரி சம்பா கோவிலில் பூசை இருந்தது. நான்தான் அலுப்பில் படுத்துவிட்டேன். எது இயலாமை, எது அலுப்பு என்று அன்றைக்குப் பிரித்துப் பார்க்கக் கற்றுக்கொண்டேன். இன்றுவரை அது எனக்கு உதவுகிறது.

நான் உங்களுக்குச் சொல்ல விரும்புவதில் முதன்மையானது இது: விசுவாசத்தை மூன்றாவது வேலையாகச் சுமக்காதீர்கள். அலுவலகம் ஒரு வேலை, வீடு இன்னொரு வேலை, இரண்டும் முடிந்து மிஞ்சும் நேரத்தில் பக்தி என்று கணக்கு வைத்தால், மிஞ்சுவதற்கு எதுவும் இருக்காது. ஒவ்வோர் இரவும் குற்ற உணர்வோடுதான் படுப்பீர்கள். புனித பிரான்சிஸ் சலேசியார் 1609இல் இல்லறத்தாருக்காக எழுதிய நூலில், பக்தி என்பது அவரவர் நிலைக்கும் வலிமைக்கும் ஏற்றதாக இருக்க வேண்டும் என்கிறார். ஆயர் ஒருவர் வனத்துறவியைப் போலத் தனித்திருப்பதும், கைத்தொழில் செய்பவர் துறவியைப் போல நாள் முழுவதும் கோவிலில் இருப்பதும் முறையாகுமா என்று கேட்கிறார். கன்னியர் மடத்தின் செப அட்டவணையை அடுப்படியில் ஒட்டிவைத்துக்கொண்டு, அதை நிறைவேற்ற முடியவில்லையே என்று புழுங்குவது பக்தியாகாது. நானும் அப்படி ஓர் அட்டவணையை ஒட்டிவைத்திருந்தேன். தவக்காலம் தொடங்கிப் பத்து நாளில் கிழித்துவிட்டேன்.

அப்படியானால் செபம் எங்கே என்று கேட்பீர்கள். ஏற்கெனவே உங்கள் கையில் இருக்கும் இடங்களில்தான் இருக்கிறது. கடலூர்ப் பேருந்தில் இடம் கிடைத்தால் ரெட்டிச்சாவடியிலிருந்து கிருமாம்பாக்கம் போவதற்குள் ஒரு பத்து மணி செபமாலையை நிதானமாகச் சொல்லிவிடலாம். அதற்கு மூன்று நான்கு நிமிடம் போதும். ஐம்பத்து மூன்று மணியும் முடிந்தால்தான் செபமாலை என்று நினைத்து ஒன்றையுமே தொடாமல் விடுவதைவிட, தவளக்குப்பத்தில் நெரிசல் கூடும்போது நிறுத்திவிட்டு, மாலையில் விட்ட இடத்திலிருந்து தொடர்வது எவ்வளவோ மேல். அரியாங்குப்பத்தைக் கடக்கும்போது மாதாவை நினைத்து ஒரு நொடி தலைகுனிவதும் செபம்தான். நண்பகல் பன்னிரண்டு மணிக்குச் சொல்லும் மூவேளை செபம், மணியோசை கேட்டதும் கையிலிருக்கும் வேலையைச் சற்று நிறுத்தும்படி உழைப்பாளிகளைப் பழக்கிய செபம். கணினிமுன் உட்கார்ந்தபடியே அதைச் சொல்ல இரண்டு நிமிடம் ஆகும். இரவில் படுத்த பிறகு, புனித இஞ்ஞாசியார் கற்பித்தபடி அன்றைய நாளை ஒருமுறை திருப்பிப் பார்த்து, நன்றி சொல்ல வேண்டியதற்கு நன்றியும் மன்னிப்புக் கேட்க வேண்டியதற்கு மன்னிப்பும் சொல்லுங்கள். நான் இரவுப் பணிக் காலத்தில் இதைக் காலை எட்டு மணிக்கு வீட்டுக்கு நடந்து வரும் வழியில் செய்தேன். இவை எல்லாவற்றையும் ஒரே வாரத்தில் தொடங்கிவிட வேண்டாம். ஒன்றை மட்டும் எடுத்துக்கொண்டு நாற்பது நாள் விடாமல் செய்து பாருங்கள்.

செபிக்க உட்கார்ந்தாலே தூக்கம் வருகிறது என்றும், மனம் வறண்டு கிடக்கிறது என்றும் எழுதியிருக்கிறீர்கள். இங்கே செவிலியராகச் சில சொற்கள் சொல்ல வேண்டும். ஆன்மிக வறட்சி என்ற ஒன்று உண்டு. புனிதர்களும் அதைக் கடந்து வந்திருக்கிறார்கள். ஆனால் இரும்புச்சத்துக் குறைவும் தைராய்டு குறைபாடும் ஏறத்தாழ அதே முகத்தோடுதான் வரும். கருவுறாத பெண்ணுக்கு ஹீமோகுளோபின் 12க்குக் கீழே இருந்தால் அது இரத்தசோகை. எட்டையும் ஒன்பதையும் வைத்துக்கொண்டு, "எனக்குப் பக்தி குறைந்துவிட்டது சிஸ்டர்" என்று என்னிடம் சொன்ன பெண்களை எண்ணி முடியாது. முதலில் இரத்தப் பரிசோதனை செய்துகொள்ளுங்கள். எதிலும் நாட்டமின்மை, காரணமில்லாத அழுகை, தூக்கம் கெடுவது ஆகியவை இரண்டு வாரத்துக்கு மேல் நீடித்தால் மருத்துவரைப் பார்க்க வேண்டும்; அது விசுவாசக் குறைவு ஆகாது. வெறும் அசதிதான் என்று தெரிந்தால், சிறுமலர் தெரேசா துறவியாக இருந்துகொண்டே செபத்தில் தூங்கிவிடுவதைத் தாமே எழுதியிருப்பதை நினைத்துக்கொள்ளுங்கள். பிள்ளைகள் விழித்திருந்தாலும் தூங்கினாலும் பெற்றோருக்கு அவர்கள்மேல் ஒரே அன்புதான் என்று அவர் தம்மைத் தேற்றிக்கொண்டார்.

அலுவலகத்தில் கிறிஸ்தவளாக இருப்பது எப்படி என்ற கேள்விக்கு, மேசைமேல் திருப்படம் வைப்பதையோ கழுத்தில் சிலுவை அணிவதையோ நான் முதலில் சொல்லமாட்டேன். வார்டில் அதிகாலை நான்கு மணிக்கு நாற்பது நோயாளிகளுக்கும் உடல் வெப்பநிலை, நாடித்துடிப்பு பார்த்து அட்டையில் எழுத வேண்டும். எல்லோரும் தூங்கிக்கொண்டிருப்பார்கள், மேற்பார்வைக்கு யாரும் வரமாட்டார்கள். நேற்றைய எண்ணைப் பார்த்து இன்றைக்கும் 98.6 என்று எழுதிவிட்டால் அரைமணி நேரம் உட்காரலாம். அந்த அரைமணி நேரம்தான் என் விசுவாசத்தின் தேர்வாக இருந்தது. எழுதாமல் எழுந்துபோன இரவுகள் உண்டு. எழுதிவிட்டு உட்கார்ந்த இரவுகளும் உண்டு, அவற்றுக்காகப் பாவசங்கீர்த்தனம் செய்திருக்கிறேன். உங்கள் கணக்குப் பிரிவிலும் அப்படிப்பட்ட நான்கு மணி ஒன்று இருக்கும். முன்தேதியிட்ட ரசீது, வராத சரக்குக்கு வந்ததாக ஒரு கையெழுத்து, தன் பிழையைப் புதிதாகச் சேர்ந்த பெண்மேல் சாய்த்துவிடுவது. எது உங்களுடையது என்று உங்களுக்கே தெரியும். உங்களோடு பணிபுரியும் இந்து, முஸ்லிம் தோழிகள் நற்செய்தியை உங்களிடம் வாசிப்பது பெரும்பாலும் அங்கேதான்.

அலுவலகத்து ஆயுத பூசையில் நிற்கலாமா, பிரசாதம் வாங்கலாமா என்றும் கேட்டிருக்கிறீர்கள். இதில் குருக்களிடையேயும் சபைகளிடையேயும் ஒரே கருத்து இல்லை. சில சபைகள் பிரசாதத்தைத் தொடவே கூடாது என்று கற்பிக்கின்றன. பவுல் கொரிந்தியருக்கு எழுதிய முதல் திருமுகத்தில் 8ஆம் அதிகாரமும் 10ஆம் அதிகாரமும் ஏறத்தாழ இதே சிக்கலைத்தான் பேசுகின்றன. அவர் வழிபாட்டில் பங்குகொள்வதை ஒரு பக்கமும், உணவைப் பற்றிய பேச்சை மறுபக்கமும் வைத்து, நடுவில் மனச்சான்றையும் பிறருடைய மனச்சான்றைப் புண்படுத்தாமையையும் வைக்கிறார். நான் என் பணிக்காலத்தில் பூசையில் கைகூப்பி நின்றதில்லை; மரியாதையாக ஓரமாக நின்றிருக்கிறேன். பிறகு தோழி ஆசையோடு கொடுத்த பொரியையும் சுண்டலையும் முகம் சுளிக்காமல் வாங்கியிருக்கிறேன். கிறிஸ்துமஸ் அன்று நான் கொண்டுபோன கேக்கை அவர்களும் அப்படித்தான் வாங்கினார்கள். இது என் மனச்சான்று காட்டிய வழி. உங்களுக்கும் இதுதான் சட்டம் என்று சொல்லமாட்டேன்.

யாரும் கேட்காத ஒன்றையும் இங்கே சேர்க்கிறேன். உங்கள் வீட்டில் பாத்திரம் கழுவ ஓர் அம்மா வருகிறார் என்று போகிறபோக்கில் எழுதியிருக்கிறீர்கள். அவரும் வேலைக்குச் செல்லும் தாய்தான். நீதிமொழிகளின் அந்தப் பெண் வீட்டாருக்கு உணவளிக்கும் அதே வசனத்தில் பணிப்பெண்களுக்குரியதையும் பிரித்துக் கொடுக்கிறாள். அவருக்கு வாரத்தில் ஒருநாள் சம்பளத்தோடு விடுமுறை உண்டா, அவர் பிள்ளைக்குக் காய்ச்சல் என்றால் வராமலிருக்க முடியுமா, பொங்கலுக்கோ தீபாவளிக்கோ ஒரு மாதச் சம்பளம் கூடுதலாகக் கிடைக்கிறதா என்று பாருங்கள். அலுவலகத்தில் உங்களுக்கு நடக்க வேண்டும் என்று நீங்கள் விரும்புவதை எல்லாம் வீட்டில் நீங்கள் அவருக்குச் செய்ய முடியும். ஒரு பெண்ணின் உழைப்பில் நின்றுகொண்டுதான் நம்மில் பலர் அலுவலகம் போகிறோம். இதை மறந்துவிட்டுச் செபமாலை சொல்வது எனக்குச் சரியாகப் படவில்லை.

பிள்ளைகளைப் பற்றி உங்கள் மாமியாரின் அச்சம் உண்மையான அன்பிலிருந்து வருவது. அதற்குப் பதில் சொல்லும்போது கவனமாக இருக்க விரும்புகிறேன். தாய் வேலைக்குப் போவதால் பிள்ளைகளின் விசுவாசம் தேயும் என்பதற்கு என் 24 ஆண்டு வகுப்பில் நான் சான்று எதையும் பார்க்கவில்லை. தேயவே தேயாது என்று உறுதியளிக்கவும் என்னால் முடியாது. நாள் முழுவதும் தாய் வீட்டில் இருந்த குடும்பத்திலிருந்து "எங்கள் தந்தையே" தெரியாமல் புதுநன்மை (முதன்முறை நற்கருணை வாங்குவதற்கான) வகுப்புக்கு வந்த பிள்ளைகள் உண்டு. மீன் விற்கப் போகும் தாயின் மகள் வசனங்களை மனப்பாடமாகச் சொன்னதும் உண்டு. நான் கவனித்த வரையில், வீட்டில் பெரியவர்கள் செபிப்பதைக் கண்ணால் பார்த்த பிள்ளைகளிடம் அது ஒட்டிக்கொள்கிறது. எவ்வளவு நேரம் பார்த்தார்கள் என்பது அவ்வளவாகப் பொருட்படவில்லை. இணைச்சட்ட நூலின் ஆறாம் அதிகாரம், வீட்டில் இருக்கும்போதும், வழியில் நடக்கும்போதும், படுக்கும்போதும், எழும்போதும் பிள்ளைகளிடம் இறைவார்த்தையைப் பேசச் சொல்கிறது. படுப்பதும் எழுவதும் உங்கள் கையில்தான் இருக்கின்றன. மகன் தூங்கும் முன் நெற்றியில் சிலுவை அடையாளம் வரைந்து, அன்றைக்கு நடந்த ஒரு நல்லதைச் சொல்லச் செய்து, ஓர் "அருள் நிறைந்த மரியே" சொல்ல வையுங்கள். மூன்று வயதுப் பிள்ளைக்கு அதற்குமேல் தேவையில்லை.

ஆனால் உங்கள் கேள்வியில் எனக்கு வருத்தம் தந்தது வேறொன்று. அவ்வளவு நீண்ட கேள்வியில் கணவர் ஒரே ஒரு வரியில்தான் வருகிறார்: "அவரும் களைத்து வருவார்." பிள்ளைகளின் திருமுழுக்கு நாளை நினைத்துப் பாருங்கள். இவர்களை விசுவாசத்தில் வளர்ப்பீர்களா என்ற கேள்வியைக் குருவானவர் பெற்றோர் இருவரிடமும் கேட்டார். இருவரும்தான் பதில் சொன்னீர்கள். சடங்கின் முடிவில் தந்தைக்கு ஆசி வழங்கும் இடத்திலும், அவர் தம் மனைவியோடு சேர்ந்து பிள்ளைக்கு முதல் ஆசிரியர் என்றுதான் வருகிறது. என் இளைய மகன் ஆறு வயதில் வகுப்பில் உட்கார்ந்திருந்தபோது, "செபம் யார் சொல்லிக்கொடுத்தது" என்று கன்னியர் ஒருவர் கேட்டதற்கு, "அப்பா" என்றான். நான் அன்று வெட்கத்தில் குனிந்துவிட்டேன். அந்த ஆண்டு எனக்கு இரவுப் பணி அதிகம். பிள்ளைகளைத் தூங்கவைத்தது என் கணவர்தான். அந்தப் பதில் எனக்குக் கிடைத்த பரிசு என்று உணர்ந்துகொள்ளப் பல ஆண்டுகள் ஆயின. இன்று என் மகன் தன் பிள்ளையை மடியில் வைத்துக்கொண்டு அதே செபத்தைச் சொல்லிக்கொடுக்கிறான். தன் தந்தை செய்ததைப் பார்த்ததால்தான் அவனுக்கு அது இயல்பாக வருகிறது.

இந்த இடத்தில் சிறுமலர் தெரேசாவின் தாய் செலி மார்ட்டினைப் பற்றிச் சொல்லாமல் இருக்க முடியவில்லை. பிரான்சில் அலென்சோன் என்ற ஊரில் லேஸ் பின்னும் தொழிலைத் தாமே நடத்தி, பெண்களுக்கு வேலை கொடுத்தவர் அவர். நம் புதுச்சேரியில் குளூனி கன்னியரின் பூத்தையல் கூடத்தில் ஊசியும் நூலுமாகக் குனிந்திருக்கும் பெண்களைப் பார்க்கும்போதெல்லாம் எனக்கு அவர் நினைவு வரும். ஒன்பது பிள்ளைகளைப் பெற்று நால்வரைச் சிறுவயதிலேயே பறிகொடுத்தார். தெரேசாவுக்குப் பாலூட்ட முடியாத நிலையில் குழந்தையை ஓர் ஆண்டுக்கும் மேலாகக் கிராமத்துச் செவிலித்தாயிடம் விட்டு வளர்த்தார். கடிகாரத் தொழில் செய்த கணவர் லூயி 1870இல் தம் கடையை விற்றுவிட்டு, மனைவியின் தொழிலுக்குத் துணையாக வந்தார். செலியின் கடிதங்களில், இந்த லேஸ் வேலை வாழ்க்கையைக் கடினமாக்குகிறது என்ற புலம்பல் வெளிப்படையாகவே இருக்கிறது. வீட்டு வேலைக்காரப் பெண் மகள் லெயோனியை அச்சுறுத்தி அடக்கி வைத்திருந்ததையும் அவர் மிகத் தாமதமாகவே, 1877இல் தாம் இறப்பதற்குச் சில மாதங்களுக்கு முன்பே, அறிந்தார். அந்தக் கணவன் மனைவி இருவரையும் சேர்த்து 2015இல் திருச்சபை புனிதர்களாக அறிவித்தது. குறையில்லாத வீட்டை நடத்தியதற்காக அந்தப் பட்டம் கொடுக்கப்படவில்லை என்பதை அவர் கடிதங்களே காட்டுகின்றன. லெயோனியின் செய்தியைப் படித்த பிறகு, பகலில் உங்களிடம் யார் எப்படி நடந்துகொண்டார்கள் என்று என் பிள்ளைகளிடம் தினமும் கேட்பதை வழக்கமாக்கிக்கொண்டேன். நீங்களும் கேளுங்கள்.

வேலையை விட்டுவிடலாமா என்பதற்கு என்னால் ஆம், இல்லை என்று சொல்ல இயலாது. உங்கள் வருமானமும் கடனும் உடல்நிலையும் எனக்குத் தெரியாதவை. அது கணவரோடு அமர்ந்து, செபித்து, காகிதத்தில் கணக்குப் போட்டு எடுக்க வேண்டிய முடிவு. குற்ற உணர்வு மிகுந்த நாளில் மட்டும் அந்த முடிவை எடுக்காதீர்கள். இடையில், சட்டம் தரும் வசதியைக் கேட்டுப் பெறத் தயங்கவும் வேண்டாம். 2017 முதல் சட்டத்தில் இருக்கும் விதியின்படி 50 அல்லது அதற்கு மேற்பட்டோர் பணிபுரியும் நிறுவனத்தில் குழந்தைகள் காப்பக வசதி இருக்க வேண்டும். அன்பியக் கூட்டத்தை மாலை ஆறரைக்கு வைத்துக்கொண்டு, வேலைக்குப் போகிறவர்கள் வரவில்லையே என்று குறைபடும் பங்குகளும் இருக்கின்றன. மாதத்தில் ஒன்றை ஞாயிறு காலைப் பூசைக்குப் பிறகு வைக்கும்படி கேளுங்கள். எங்கள் தெருவில் அப்படி மாற்றியபோது, அதுவரை வராத ஏழெட்டுக் குடும்பங்கள் வந்தன.

மாமியாரிடம் வாதாட வேண்டாம். திமொத்தேயுவுக்கு எழுதும்போது பவுல் அவருடைய தாய் யூனிக்கியாவை மட்டும் சொல்லவில்லை. பாட்டி லோயியை முதலில் சொல்கிறார். உங்கள் மாமியாருக்குச் சிறுவயதில் கற்ற பழைய செபங்களும், மாதா மன்றாட்டும், தவக்காலத்து ஒப்பாரிப் பாடல்களும் மனப்பாடமாக இருக்கும்; என் தலைமுறையிலேயே அவற்றில் பாதி மறைந்துவிட்டது. மாலையில் விளக்கேற்றிப் பிள்ளைகளை உட்காரவைத்துச் செபத்தை அவரே தொடங்கட்டும் என்று இந்த ஞாயிறு அவரிடம் கேளுங்கள். உங்கள் பேருந்து தவளக்குப்பத்தில் நின்றுவிட்ட நாள்களிலும் வீட்டில் செபம் நடந்துகொண்டிருக்கும். நீங்கள் செருப்பைக் கழற்றிவிட்டு வந்து, அவர்கள் இருக்கும் மணியிலிருந்து சேர்ந்துகொள்ளலாம்.